தண்ணி ஏறும் வரைக்கும் பேசும் மோட்டார்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க பல்லடம் தாண்டிக் காங்கயம் போற ரோட்டுல எந்தத் தோட்டத்துக்குள்ள வேணாலும் நொழைஞ்சு, கெணத்து மேட்டுல பச்சை பெயின்ட் அடிச்ச தங்காத்தாள் மோட்டார் ஒண்ணு உக்காந்திருந்தா, தோட்டத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சுச்சைப் போட்டுப் பாருங்க. மோட்டார் ஓட ஆரம்பிச்சு, தண்ணி குழாய்ல ஏறி வாய்க்கால்ல விழுகற வரைக்கும் இருக்கற அந்த அரை நிமிசத்துல, அந்த மோட்டாரைச் செய்யறப்ப அதைச் சுத்தி நின்னவங்க என்ன பேசிட்டு இருந்தாங்களோ அது அவங்கவங்க கொரல்லயே கேக்கும். தண்ணி விழுந்ததும் பேச்சு நின்னுரும். இது எப்படி, எதனாலன்னு கேட்டா எனக்குத் தெரியாது, எங்க கம்பெனில யாருக்கும் தெரியாது, தெரிஞ்ச மாதிரிப் பேசறவனை நம்பாதீங்க.

நான் தெய்வாத்தாள். கோயமுத்தூருக்கு வெளிய தங்காத்தாள் மோட்டார்ஸ்ல பேக்கிங் செக்ஷன், பத்தொம்பது வருசம். எனக்கு வாய் கொஞ்சம் சாஸ்தின்னு சொல்லுவாங்க, அது நெசந்தான்.

மொத மொத அவினாசிப் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்துதான் போன் வந்துச்சு. "ஏனுங், மோட்டாருக்குள்ள ஆளு இருக்கறாங்க போல இருக்குதுங், கொஞ்சம் வந்து பாருங்"னு அந்தாளு பதறாம, மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு சொல்ற மாதிரிச் சொன்னாரு. எங்க போர்மேன் ஆறுச்சாமியண்ணன் ஸ்பானர் பையைத் தூக்கிட்டுப் போயி சுச்சைப் போட்டாரு. உள்ளயிருந்து அவரு கொரலே அவரைப் பார்த்து, "அந்த நட்டை இன்னொரு அரைச் சுத்து விடுறா, எங்கடா பார்க்கற, போத்தனூர் ரயிலையா பார்க்கற?"ன்னு கேட்டுச்சு. அண்ணன் ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, கம்பெனிக்குத் திரும்பி வந்து, புகார் நோட்டுல 'மோட்டார் நன்றாக ஓடுகிறது, பேச்சு மட்டும் கூட வருகிறது, குறை ஏதும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டாரு.

சனங்க மொதல்ல பயந்தாங்க, அப்புறம் சிரிச்சாங்க, அப்புறம் பழகிக்கிட்டாங்க. பேசறதுக்கு எச்சாக் கரண்டு இழுக்குதான்னு பார்க்க கரண்டாபீஸ்ல இருந்து ஒருத்தர் மீட்டரோட வந்து, அரை நாள் உக்காந்து கேட்டுட்டு, வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, ஒண்ணும் எழுதாமப் போனாரு. வைண்டிங் செக்ஷன் பரிமளாவோட புள்ளை பெரியவளானதை மூலனூர்ல ஒரு தோட்டத்து மோட்டார் சொல்லிருச்சு, அந்தத் தோட்டத்துக்காரரு பழமும் தேங்காயும் ஒரு கூடை நெறைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்து, "நாலு நாளா தெனமும் காத்தால அதே சேதி சொல்லுதுங், காதுல கேட்டுட்டும் சீர் கொண்டு வராம இருந்தா நல்லா இருக்குமுங்களா?"ன்னு வாசல்ல நின்னாரு. குண்டடத்துல பொண்டாட்டி செத்துப் போன ஒருத்தரு தெனமும் காலையில நாலு தரம் சுச்சைப் போட்டுப் போட்டு நிறுத்துவாராம், பயிருக்காக இல்லை, பேச்சுத் தொணைக்கு. பள்ளிக்கூடத்துக் கெணத்துக்குன்னு ஆர்டர் வந்தா, அந்த மோட்டாரை ஆறுச்சாமியண்ணன் பக்கத்துலயே கொண்டுபோகப்படாதுன்னு எங்க மொதலாளி உத்தரவு போட்டாரு. அண்ணன் வாய் அப்படி! ஊர் வாயை மூட உலைமூடி இல்லைங்கறாங்க, ஆறுச்சாமியண்ணன் வாய்க்கு அந்த உலையே பத்தாது.

இதெல்லாம் வெளிய தெரிஞ்ச அதிசயம். உள்ள எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு, என்னைக் கேட்டா அதுதான் பெரிய அதிசயம். யாரு கையிலயாவது தப்பு நடந்துபோச்சுன்னா, அவங்க கையில இருக்கற ஸ்பானரோ கத்திரிக்கோலோ எதுவோ, அதை வெச்சு இரும்பு மேசையில மூணு தட்டு தட்டுவாங்க. "எங்கையில நடந்துபோச்சுங்", அவ்வளவுதான் பேச்சு. உடனே எல்லாரும் செய்யற வேலையை வெச்சுட்டு அந்த மேசைக்கு வந்துருவோம். பிரிக்க வேண்டியதைப் பிரிச்சு, மாத்த வேண்டியதை மாத்தி, முடிச்சுட்டுத்தான் அவங்கவங்க எடத்துக்குப் போவோம். எப்படி நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, கண்ணு எங்க போச்சுன்னு ரெண்டாவது கேள்வி யாரும் கேக்கப்படாது. தட்டினவங்களுக்குத்தான் அன்னைக்கு மொத டீ. ஒருதரம் பதினொரு மோட்டாருக்குப் பேரிங் மாத்திப் போட்டதை லாரி போனதுக்கப்புறம் கண்டுபிடிச்சு ஒருத்தன் தட்டினான். மொதலாளி நாச்சிமுத்து தன்னோட காருல நாலு பேரை அள்ளிப் போட்டுக்கிட்டு லாரியைத் தொரத்தி, தாராவரத்துக்கு இந்தாண்டையே மடக்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில பதினொண்ணையும் பிரிச்சு மாத்திட்டுத்தான் அனுப்பினாரு. இந்த வழக்கத்தை யார் ஆரம்பிச்சது, எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. எங்கயும் எழுதி வெக்கலை. புதுசா வர்றவங்க ஒரு வாரத்துல தானாக் கத்துக்குவாங்க.

அப்படி இருக்கறப்பதான் வெளியூர்ல இருந்து பெரிய கம்பெனிக்காரங்க கோட்டுப் போட்டுக்கிட்டு மொத்தமா மோட்டார் வாங்கப் பார்க்க வந்தாங்க. அவங்க சுத்திப் பார்த்துட்டு இருக்கறப்பவே பூட்டி முடிச்ச மோட்டாரைச் சோதனைத் தொட்டில ஓட விட்டதும், "கோட்டுக்காரனுக எப்படா கெளம்புவானுக, டீ ஆறுதுடா"ன்னு ஆறுச்சாமியண்ணன் கொரல் கணீர்னு வந்துச்சு. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனா கூட வந்த டிரைவருக்குத் தெரியும், அந்தப் புண்ணியவான் வார்த்தை விடாம எடுத்துச் சொன்னான். ஆர்டர் போச்சு. மொதலாளி மூணு நாள் சரியாச் சாப்பிடலை. கம்பெனிய நாமளா நடத்தினா இப்படித்தான் இருக்கும்போலன்னு அவருக்கு ஒரு பயம் புடிச்சு, மெட்ராஸ்ல இருந்து ஒரு மேனேஜரைக் கூட்டிட்டு வந்தாரு.

மேனேஜர் பேரு நிரஞ்சன். மோசமான ஆளுன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். காலையில எங்களுக்கு முந்தி வருவாரு, சாயங்காலம் எங்களுக்குப் பிந்திப் போவாரு, தனியா உக்காந்து தயிர்சாதம் சாப்பிடுவாரு. வந்த பத்தாம் நாள் எல்லாரையும் கூட்டி வெச்சு, "ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கல்ச்சர் வேணும். இங்க எல்லாமே வாய்வழியா நடக்குது, எழுத்துல எதுவும் இல்லை. கல்ச்சர்னா என்னன்னு கண்ணுக்குத் தெரியணும்"னு சொல்லி, வாசலுக்கு நேரா ஒரு பலகையை மாட்டினாரு. மேல 'நமது பண்பாடு'ன்னு தங்க எழுத்து. கீழ எங்க எல்லாரோட பேரு. தப்புச் செஞ்சவங்க பேருக்கு எதிர்ல ஒரு சிவப்புப் புள்ளி. மூணு புள்ளி வந்தா வேலையில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங் சார், தட்டறவங்களுக்குத்தானுங்களே புள்ளி? தட்டாதவங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"தவறே இல்லாம வேலை செஞ்சா தட்டவேண்டிய அவசியமே வராதும்மா"ன்னு அவரு சிரிச்ச முகமா சொன்னாரு.

மொத மாசம் பதினாலு தட்டு விழுந்துச்சு, வழக்கம் விடலை பாருங்க. பதினாலு சிவப்புப் புள்ளி. ரெண்டாம் மாசம் மூணு தட்டு. மூணாம் மாசம் ஒண்ணுமே இல்லை. நிரஞ்சன் சாருக்குச் சந்தோசம் தாங்கலை, மலையில இருந்து எறங்கற மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டி, எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தாரு. நாங்களும் தின்னோம். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா பேச்சுக் கொறைஞ்சுபோச்சு. பேசினா கவனம் செதறும், கவனம் செதறினா தப்பு வரும், தப்பு வந்தா புள்ளி வரும்னு ஆளாளுக்கு வாயைக் கட்டிக்கிட்டாங்க. பக்கத்து மேசைக்காரன் மாத்திப் போடறது கண்ணுல பட்டாக்கூட, அவன் பேருல புள்ளி விழுகப் போவுதேன்னு தலையைக் குனிஞ்சுக்குவோம். அந்த மூணு மாசத்து மோட்டாரெல்லாம் ஊமையாப் போயித் தோட்டங்கள்ல உக்காந்துச்சு. "மோட்டாருக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா? சுச்சுப் போட்டா மூச்சு விடற சத்தந்தான் கேக்குது"ன்னு போன் மேல போன் வந்துச்சு. சத்தமில்லாத மோட்டார்னு சார் அதையும் நல்ல சேதிக் கணக்குலயே சேர்த்துக்கிட்டாரு.

இப்ப ரங்கநாயகி சங்கதிக்கு வர்றேன். வைண்டிங்ல அவ கைக்கு ஈடு கெடையாது. தாமிரக் கம்பியைச் சுத்தி, இரும்புக் கூட்டோட பள்ளத்துக்குள்ள அவ எறக்கற அழகைப் பார்க்கறதுக்குன்னே நான் டீ நேரத்துல அந்தப் பக்கம் போவேன். கட்டினவன் போயி ஒம்போது வருசம். ரெண்டு புள்ளைக, படுக்கையில மாமியா, எல்லாம் இவ ஒருத்தி சம்பாத்தியம். மொத மாசமே, பழக்க தோசத்துல ரெண்டு தரம் தட்டி, ரெண்டு சிவப்புப் புள்ளி வாங்கியிருந்தா.

ஒரு திங்கக்கெழமை, பள்ளத்துல வெக்கற காகிதத்தை வெட்டறப்ப கத்திரி முனை வழுக்கிக் கம்பி மேல பட்டுருச்சு. ஊசிமுனை அளவு காயம். அது சோதனையில தப்பிச்சிரும்; ஆனா நாலு நாள் ஓடிச் சூடேறினா கரண்டு மோட்டாரோட ஒடம்புக்குக் கசியும். நம்ம பக்கத்துத் தோட்டக்காரங்க மோட்டார் சூடா இருக்குதான்னு தெனமும் கை வெச்சுப் பார்க்கறவங்க. அவளுக்கு இது தெரியாதா? கத்திரியைத் தூக்கினா. மேசை மேல தட்டப் போனா. அந்நேரம் பார்த்துக் கண்ணு பலகை மேல போயிருச்சு. கத்திரியை மெல்லக் கீழ வெச்சுட்டு, அந்தக் கம்பியைப் பள்ளத்துக்குள்ள எறக்கிக் கட்டிட்டா. ஒதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு. நான் பேக்கிங் மேசையில இருந்து பார்த்தேன். சாமி கும்பிடறான்னு நெனைச்சுக்கிட்டேன். இல்லை, பொய் சொல்றேன். மூஞ்சியைப் பார்த்தப்பவே என்னமோ நடந்துபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு, ஆனா போயி என்ன புள்ளைன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அந்த மோட்டாருக்கு மரப்பெட்டி ஆணி அடிச்சதும் நாந்தான்.

மூணு வாரம் கழிச்சு, காலைக் கூட்டத்துல பலகைக்கு முன்னால எல்லாரும் வரிசையா நிக்கறப்ப, ஆபீஸ்ல இருந்து போனைத் தூக்கிட்டு வந்தாங்க. வெள்ளக்கோயில் பக்கத்துல இருந்து மயிலாத்தாள்னு ஒரு தோட்டக்காரம்மா. சார் எல்லாருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கரைப் போட்டாரு.

"உங்க மோட்டாரு அழுவுதுங்"னு அந்தம்மா சொன்னாங்க. "மூணு நாளா நான் ஓட்டலை. கேளுங்."

வெறகுக் குச்சியால சுச்சைத் தள்ற சத்தம் வந்துச்சு. அப்புறம் அந்தக் கொரல். "தொடாதீங்க சாமி, தொடாதீங்க. கம்பி காயம் பட்டிருக்குது. மேல கை வெச்சறாதீங்க. எனக்குச் சொல்ல வாய் வரலை சாமி, தொடாதீங்க." தண்ணி விழுகற சத்தம் கேட்டதும் நின்னுருச்சு.

"மொத வாரம் மொணமொணன்னு வெளங்காம இருந்துச்சுங்"னு மயிலாத்தாள் சொன்னாங்க. "வர வர சத்தம் பெருசாகி, மூணு நாளைக்கு முந்தி நான் கை வெக்கப் போறேன், உசுரு போற மாதிரிக் கத்துச்சு. கையை எடுத்துட்டேன். என்ன பண்ணட்டும்? இங்க வெங்காயம் காயுது."

நிரஞ்சன் சார் மொகத்துல ரத்தமே இல்லை. "யார் குரல் இது?"ன்னு கேட்டாரு.

எம்பத்திரெண்டு பேரு நின்னோம். பேரிங் சத்தத்தைக் கேட்டே அது எந்த வருசத்துப் பேரிங்னு சொல்ற ஆறுச்சாமியண்ணன், "கொரல் சரியா வெளங்கலீங்"னு தரையைப் பார்த்தாரு. பரிமளா, பத்து வருசமா ரங்கநாயகிக்குப் பக்கத்து மேசை, தெரியலைன்னு தலையாட்டினா. நானும் பேசலை. பத்தொம்பது வருசத்துல நான் வாயைத் தொறக்காத மொத நிமிசம் அதுதான். ஒருத்தியைக் காப்பாத்தறோம்னு நாங்க நெனைச்சோம். அங்க ஒரு பொம்பளை மோட்டார் முன்னால குச்சியோட நின்னுட்டு இருக்கா.

டக். டக். டக்.

ரங்கநாயகி தன்னோட மேசைக்கு நடந்து போயிக் கத்திரியால தட்டியிருந்தா. கத்திரியை மேசை மேல வெச்சுட்டு, "எங்கையில நடந்துபோச்சுங்"னு சொன்னா. வேலை போகப் போவுதுன்னு தெரிஞ்சுதான் தட்டினா. அடி என் தங்கமே, எனக்கு ஓடிப் போயி அவளைக் கட்டிப் புடிச்சுக்கோணும்னு இருந்துச்சு.

நிரஞ்சன் சார், "ஏன் அன்னைக்கே..."ன்னு ஆரம்பிச்சாரு. அந்த ரெண்டாவது கேள்வி, நாங்க யாரும் கேக்காத கேள்வி. ஆரம்பிச்சவரு தன்னோட பலகையைத் திரும்பிப் பார்த்தாரு. கேள்வியை முடிக்கலை.

இன்னொரு தட்டுச் சத்தம் கேட்டுச்சு. வாசல் பக்கம் மொதலாளி நாச்சிமுத்து, கார்ச் சாவியால இரும்புக் கதவுல தட்டிட்டு நிக்கறாரு. "அந்தப் பலகைய மாட்ட விட்டது எங்கையில நடந்துபோச்சுங்"னு சொன்னாரு. "ஆர்டர் போன பயத்துல பண்ணிட்டேன். அந்தம்மா கை வெச்சிருந்தாங்கன்னா நான் எந்தத் தண்ணியில முழுகிப் பாவத்தைக் கழுவறது?"

ரெண்டாவது கேள்வி யாரும் கேக்கலை. ஆளுக்கொரு பக்கமா நகர ஆரம்பிச்சோம். வண்டியை எடுக்கப் போனவன் ஒருத்தன், புது மோட்டார் ஒண்ணைத் தூக்கப் போனவங்க நாலு பேரு, போனை வாங்கி, "அம்மிணி, கீழ மெயினை அமத்திப் போடுங்க, நாங்க வந்துட்டே இருக்கறோம்"னு சொன்னது நான். நிரஞ்சன் சார் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையோட திருகாணியைக் கழட்ட ஆரம்பிச்சாரு. அவரு கையில இருந்தது வெறும் பேனாக்கத்தி. ஆறுச்சாமியண்ணன் அதுக்குச் சரியான ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாரு.

மொதலாளி ஓட்ட, ரங்கநாயகி, நான், சார், பின்னால புது மோட்டார். காங்கயத்துக்கிட்ட வர்றப்ப ரங்கநாயகி மெதுவா, "எனக்கு நாளைக்கு வேலை இருக்குதுங்களா சார்?"னு கேட்டா. "நாளைக்கு எனக்கு வேலை இருக்குதான்னு உங்க எல்லார்கிட்டயும் நான்தாங்க கேக்கணும்"னு சார் சொன்னாரு. மொதலாளி கண்ணாடியில அவங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, "ரெண்டு பேரும் எட்டரைக்கு வந்துருங்க"ன்னாரு.

மயிலாத்தாள் ஒசரமான பொம்பளை, பாதி காஞ்ச வெங்காய வயல்ல நின்னுட்டு இருந்தாங்க. ரங்கநாயகியைப் பார்த்து, "நீதானா கண்ணு அது?"ன்னாங்க.

"ஆமாங்க்கா."

"திட்டோணும்னுதான் இருந்தேன். இத்தனை நாள் அந்தக் கொரலைக் கேட்டுட்டேன், இப்பத் திட்ட வாய் வரலை." அப்புறம் நாங்க எறக்கின புது மோட்டாரைப் பார்த்துக் கையை ஆட்டினாங்க. "அது வேண்டாமுங். தன்னோட கொறையைத் தானே சொல்ற மோட்டாரு இது. இதைக் குடுத்துட்டு வாயைத் தொறக்காத ஒண்ணை வாங்கி வெச்சு நான் என்ன பண்ண? இதையே சரி பண்ணிக் குடுங்க."

வேப்பமரத்தடியில சாக்கை விரிச்சு மோட்டாரைப் பிரிச்சோம். காயம் எந்தப் பள்ளத்துல, எத்தனாவது கம்பியிலன்னு ரங்கநாயகிக்குக் கண்ணை மூடிட்டே தெரியும். எடுத்து, அதுக்கு உறை போட்டு, வார்னிஷ் ஊத்தி, வெயில்ல வெச்சா. காயற வரைக்கும் மயிலாத்தாள் எங்களுக்குக் கம்மங்கூழ் ஊத்தினாங்க, வெங்காயம் அவங்க வயல்து. கரண்டு கசியுதான்னு பார்க்கற கைப்பெட்டியோட பிடியை நிரஞ்சன் சார் சுத்தினாரு. அவசரத்துல ஒயரை மாத்திக் குடுத்து முள்ளு எங்கயோ போச்சு. அவரு எங்களைப் பார்த்தாரு, கெணத்துக் கல்லுல ஸ்க்ரூடிரைவரால மூணு தட்டுத் தட்டினாரு. "என் கையில நடந்து போச்சுங்க"ன்னு மெட்ராஸ் நாக்குல சொன்னாரு. நான் சிரிப்பை அடக்கிட்டு ஒயரை மாத்திக் குடுத்தேன். மறுபடி சுத்தினாரு, முள்ளு எங்க நிக்கோணுமோ அங்க நின்னுச்சு.

மோட்டாரை மேட்டுல உக்கார வெச்சுப் பூட்டியாச்சு. மயிலாத்தாள் சுச்சுக்கிட்டப் போகலை, மோட்டாருக்கிட்டவும் வரலை. மூணு நாள் பயம் ஒரு மத்தியானத்துல போயிருமா?

"மொத நான் வெக்கறனுங்"னு சொல்லிட்டு ரங்கநாயகி வந்தா. பொறங்கையால தொடலை, உள்ளங்கையை முழுசா மோட்டார் மேல பதிச்சு வெச்சுக்கிட்டு, "போடுங் சார்"னா. சார் சுச்சைப் போட்டாரு. எங்க சிரிப்பும், கூழ் குடிச்ச சத்தமும், வெங்காயத்தைப் பத்தின மயிலாத்தாளோட பொலம்பலுமா மோட்டார் ஒவ்வொண்ணாப் பேச ஆரம்பிச்சுச்சு. தன்னோட கொரலை அதுக்குள்ள கேட்டதும் மயிலாத்தாள் ஒரு எட்டு முன்னால வந்தாங்க. இன்னொரு எட்டு வந்தாங்க. கையை நீட்டி ரங்கநாயகி கை மேல வெச்சாங்க.

தண்ணி வந்து விழுந்துச்சு, பேச்சு நின்னுச்சு. ரங்கநாயகி அடியில இருந்து தன் கையை மெதுவா உருவிக்கிட்டா. மயிலாத்தாள் கை மட்டும் மோட்டார் மேல அப்படியே இருந்துச்சு.